மானிப்பாயில் கேட்ட கேள்வி

சென்ற மாதம் பெரியம்மா தருமபுரத்திலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் வந்து இறங்கினார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கிளினிக் கொப்பி, மடித்து மடித்து நைந்துபோன ஸ்கான் ரிப்போர்ட், ஒரு கடிதம். அவரைப் பார்த்துவந்த விசேட வைத்திய நிபுணர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஆகவே கொழும்புக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

காலி வீதியில் அந்த நேரத்தில் இறங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணம் எனப் பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். பாதிப்பேருக்கு வெளிநாட்டு அலுவல். மீதிப்பேரில் பலர் வருத்தக்காரர், அவர்களைக் கூட்டிவந்தவர்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நாள் வாடகைக்கு விடும் அறைகளின் வியாபாரத்தில் ஒரு பங்கு இந்த நோயாளர்களை நம்பித்தான் நடக்கிறது. கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் இருப்பவர்கள் அங்கே போவார்கள். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, பெரியம்மாவுக்கு என் அறை இருக்கிறது.

வைத்தியசாலையின் பெயரை எழுதவில்லை. அங்கே எங்களை யாரும் அவமதிக்கவில்லை. இளம் வைத்தியர் ஒருவர், களைத்துப்போயிருந்தார். பெரியம்மாவைப் பார்த்து “அம்மே” என்று கூப்பிட்டு, சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டு, அவருக்கு விளங்கவில்லை என்று கண்டதும் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நாலைந்து நிமிடம் பேசினார். பொறுமையாகத்தான் பேசினார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார்:

“என்ன சொன்னவர் பிள்ளை?”

நான் சொன்னேன். ஆனால் அந்த நாலைந்து நிமிடத்தில் வந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அதைச் சந்தேகம் என்றுதான் சொன்னார், முடிவு என்று சொல்லவில்லை. இருந்தும் என் வாயில் அது வரவில்லை. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்து, செய்தியில் எதை விடலாம் எதை விடக்கூடாது என்று பரீட்சை எழுதிய ஆள் நான். பெரியம்மாவின் உடம்பில் என்ன நடக்கிறது என்ற செய்தியைத் தணிக்கை செய்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

இந்தக் கட்டுரை பெரியம்மாவைப் பற்றியது அல்ல. அன்றைக்கு எங்களைத் தடுக்கிய இரண்டு விடயங்களைப் பற்றியது. ஒன்று, ஊரில் இருந்த வைத்தியர் ஏன் ஊரில் இல்லை? மற்றது, கொழும்பில் இருக்கும் வைத்தியர் சொல்வது நோயாளிக்கு ஏன் நேரடியாகப் போய்ச் சேரவில்லை? இவை 2022இன் பொருளாதார நெருக்கடியோடு வந்த கேள்விகள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மானிப்பாயின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது.

இலங்கைத் தீவின் முதலாவது மேலைத்தேய மருத்துவப் பள்ளி கொழும்பில் தொடங்கவில்லை, யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கியது என்று எங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். பெருமை அந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பள்ளி தொடங்கிப் பதினாறு வருடத்தில் ஏன் தன் போக்கையே மாற்றிக்கொண்டது என்பதுதான் எங்களுக்கு உதவக்கூடிய பகுதி.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் குடியேறி மருந்து கொடுக்கத் தொடங்கினார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதலாவது மருத்துவ மிஷனரி அவர்தான். 1836இல் அவர் சென்னைக்குப் போய்விட்டார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் பின்னர் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையை உருவாக்கினார். எங்கள் ஆட்கள் கடன்பட்டு விமானம் ஏறிப்போகும் அதே வேலூர்தான். அந்தக் குடும்பத்தின் மருத்துவக் கதையின் முதல் அத்தியாயம் பண்டத்தரிப்பில் இருக்கிறது. வேலூருக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

ஸ்கடருக்குப் பின்னர் வைத்தியர் நேதன் வோர்ட் வட்டுக்கோட்டையில் பணிபுரிந்தார். 1847 ஒக்டோபரில் அவருடைய இடத்துக்கு வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டரைச் சேர்ந்தவர், அப்போது வயது 25. அடுத்த வருடமே மானிப்பாய்க்கு மாறி, அங்கே மருந்தகத்தோடு ஒரு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். 1848 என்ற ஆண்டு இப்படித்தான் வருகிறது. 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் யாழ்ப்பாண நகரில் ஒரு வைத்தியசாலை எழுந்தபோது, அங்கேயும் கிறீனும் அவருடைய மாணவர்களும் நின்றார்கள். அந்த நகர வைத்தியசாலைதான் வளர்ந்து இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையாக நிற்கிறது.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. வேறு எப்படி நடக்கும்? புத்தகம் எல்லாம் ஆங்கிலம், மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் படித்து வந்தவர்கள். அவர்கள் கெட்டிக்காரர். படித்து முடித்ததும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், தென்பகுதிக்குப் போனார்கள். நல்ல சம்பளம், நல்ல மரியாதை. யார்தான் போகமாட்டார்? மானிப்பாய்க்குப் பக்கத்துக் கிராமங்களில் வாந்திபேதி வந்தபோதோ, வயிற்றில் பிள்ளை குறுக்கே நின்றபோதோ, அந்தக் கிராமத்தில் இருக்கக்கூடிய ஒருவரைத்தான் கிறீன் உருவாக்க நினைத்தார். உருவானவர்கள் ஊரில் இல்லை.

1857இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி, 1862இல் மறுபடியும் வந்தார். 1864இலிருந்து வகுப்பு முழுவதையும் தமிழுக்கு மாற்றினார்.

இதைத் தமிழ்ப் பற்று என்று மட்டும் வாசிப்பது எங்கள் வழக்கம். கிறீன் தமிழை நேசித்தார், அதில் ஐயம் இல்லை. தன் மாணவர்கள் ஐரோப்பிய உடுப்புக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. ஆனால் அதற்கு வேறொரு பின்னணியும் உண்டு. ஆங்கிலக் கல்வி படித்தவர்கள் சமூகத்தை விட்டு விலகி உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்ற கணக்கில்தான் மிஷன் தலைமை 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியையே மூடியது. அந்த முடிவு யாழ்ப்பாணத்தவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீசு படிக்கும் வாசலை அடைக்கிறார்கள் என்று கோபப்பட்டார்கள். கோபத்தில் நியாயமும் இருந்தது. ஒரு சமூகம் மேலே போகும் படியை எடுத்துவிட்டு, கீழே நின்று சேவை செய் என்று வெள்ளைக்காரர் சொல்வதை யார் கேட்பார்? மொழியைக் கொண்டு வைத்தியரை ஊரில் கட்டிவைக்கும் திட்டம் ஒரு பக்கத்தால் பார்த்தால் மக்களுக்கான மருத்துவம், மறுபக்கத்தால் பார்த்தால் மாணவனின் காலில் ஒரு விலங்கு. இரண்டும் உண்மை. இன்றைக்கு வைத்தியர்கள் வெளிநாடு போவதைப் பற்றி நாங்கள் போடும் சண்டையும் இதே சண்டைதான்.

ஆனால் கிறீன் விலங்கை மட்டும் மாட்டவில்லை. தமிழில் படிக்கச் சொன்னவர், படிப்பதற்குப் புத்தகத்தையும் உண்டாக்கினார். தன் மாணவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு உடற்கூறு, உடலியல், பிரசவம், சத்திரசிகிச்சை, மருந்தியல், இரசாயனம் என்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். கட்டரின் உடற்கூற்று நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ ஆனது. சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ ஆனது. இரசாயன நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயர். மொத்தம் நாலாயிரம் பக்கத்துக்கு மேல். தலைப்பைப் படிக்கவே மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் சொல் தேடிய முறை ஒழுங்கானது. முதலில் தமிழில் இருக்கிறதா என்று பார்ப்பார், நாட்டு வைத்தியர்களின் வழக்கில் இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு சமஸ்கிருதம், ஒன்றும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொள்வார். கெமிஸ்தம் அப்படி வந்ததுதான். சொல்லின் தூய்மையைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கட்டிலில் கிடக்கும் ஆளுக்கும் கத்தியோடு நிற்கும் ஆளுக்கும் நடுவில் ஒரே மொழி ஓடவேண்டும் என்பதே அவருடைய கவலை.

1873இல் அவர் ஊரை விட்டுப் போகும்போது அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே படித்தவர்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டும் மொழிபெயர்ப்பு வேலையை விடவில்லை. 1884இல் காலமானார். தன் கல்லறைக் கல்லில் ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்ற பொருள்படப் பொறிக்கும்படி கேட்டிருந்தார். எங்கள் தலைமுறைக்கு அவரை மீட்டுத் தந்தவர் கவிஞர் அம்பி. 1967இல் அவர் எழுதிய ‘கிறீனின் அடிச்சுவடு’ இல்லாவிட்டால் கல்யாண வீட்டுப் பெருமைக்கும் வழி இருந்திராது.

இனிக் கொழும்புக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உண்மையில் தூக்கிவாரிப்போட்டது.

கொழும்பு மருத்துவப் பள்ளி 1870 யூன் முதலாம் திகதி, ஆளுநர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சனின் காலத்தில் தொடங்கியது. பொது வைத்தியசாலை அதற்கு ஆறு வருடம் முன்னரே, 1864இல் வந்துவிட்டது. அதாவது மானிப்பாயில் வகுப்பு தமிழுக்கு மாறிய அதே வருடம். பள்ளியின் முதல் தலைவர் வைத்தியர் ஜேம்ஸ் லூஸ். இவர் அதற்கு முன் வடமாகாணத்தின் குடியேற்ற நாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்தவர். அங்கே இருந்தபோது அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். எதைப் பற்றி? வன்னியில் சனம் அழிந்துகொண்டு போவதைப் பற்றி. பறங்கிப் புண்ணும் காய்ச்சலும் வன்னிக் கிராமங்களைக் காலியாக்கிக்கொண்டிருந்தன. பார்க்க வைத்தியர் இல்லை. இந்த அறிக்கைதான் உள்நாட்டிலேயே வைத்தியர்களைப் பயிற்ற வேண்டும் என்ற முடிவுக்கு ஆளுநரைத் தள்ளியது.

மருதானைப் பக்கம் போகிறவர்கள் கின்சி வீதியில் அந்த மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள். பள்ளியின் இரண்டாவது தலைவர் கொக்கின் நினைவாக 1881இல் எழுப்பியது. ஆயிரம் தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அந்தப் பீடம் வன்னிச் சனத்தின் சாவிலிருந்து பிறந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தருமபுரத்திலிருந்து நைந்த ரிப்போர்ட்டோடு வந்த பெரியம்மா, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் யாருக்காக அந்தப் பள்ளி திறக்கப்பட்டதோ அந்த ஆள்தான்.

பள்ளி 1880இல் இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ஆனது. மொழி ஆங்கிலம். மாணவர் பிரித்தானியாவின் அங்கீகாரத்துக்கு ஏற்ற தரத்தில் படித்தார்கள், பிரித்தானியாவிலும் வேலை செய்யத் தகுதி பெற்றார்கள். இதுதான் பீடத்தின் பலம், இதுவேதான் எங்கள் பிரச்சினையும். மானிப்பாயின் வகுப்பு கிறீன் போன பின்னர் நீண்ட காலம் நிலைக்கவில்லை. கொழும்புப் பட்டம் கிடைக்கும்போது மானிப்பாய்ச் சான்றிதழுக்கு யார் போவார்? அவருடைய பெயரில் வைத்தியசாலை நின்றது. இணுவிலில் 1898இல் பெண்களுக்கென்று மக்லியொட் வைத்தியசாலை வந்தது. வைத்தியரைப் பயிற்றும் இடம் என்ற தகுதியை மட்டும் யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட நூறு வருடம் இழந்திருந்தது.

நடுவில் இன்னொரு வகுப்பார் இருந்தார்கள், அவர்களை வரலாறு கணக்கில் எடுப்பதில்லை. அப்போத்திக்கரிமார். பின்னாளில் உதவி வைத்தியர்கள், பதிவுபெற்ற வைத்தியர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள். பட்டம் இல்லாதவர்கள், குறுகிய காலப் பயிற்சி பெற்று வந்தவர்கள். வன்னியில் உள்ளூர் மருந்தகங்களையும் சிறிய வைத்தியசாலைகளையும் கொண்டு நடத்தியவர்கள் இவர்கள்தான். எம்பிபிஎஸ் வைத்தியர் வரமாட்டேன் என்ற இடத்தில் இவர்கள் இருந்தார்கள். யுத்த காலத்தில் பொருளாதாரத் தடைக்குள் மருந்தும் இல்லாமல் மயக்க மருந்தும் இல்லாமல் காலம் தள்ளினார்கள். அந்தப் பயிற்சியை 1990களில் நிறுத்திவிட்டார்கள். தரம் காணாது என்று காரணம் சொன்னார்கள். தரம் என்றால் யாருடைய தரம் என்று கேட்க அப்போது ஒருவரும் இல்லை. என் கணிப்பில், இலங்கையில் கிறீன் கனவு கண்ட வைத்தியருக்குக் கிட்டவாக வந்தவர்கள் இவர்கள்தான்.

1970களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களில் பலருக்கு அது சொந்த வீட்டுக் கதை. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளியில் தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும், சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும் என்று வந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதில் முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசல் கொஞ்சம் திறந்தது என்பதையும் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாங்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 1978இல் யாழ் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் கிடைத்தது. தொடக்கத்தில் சொந்தக் கட்டிடம்கூட இல்லை, கைதடி ஆயுர்வேத வைத்தியசாலையில் இடம் பிடித்துத் தொடங்கினார்கள்.

அந்தப் பீடம் கண்டதை வேறெந்த மருத்துவ பீடம் கண்டிருக்கும்? 1983 யூலைக்குப் பின்னர் நிபுணர்கள் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படை யாழ் வைத்தியசாலைக்குள் புகுந்து, இரண்டு நாளில் நோயாளரும் ஊழியருமாக ஏறத்தாழ எழுபது பேரைக் கொன்றது. வைத்தியர்களும் தாதியரும் அதில் அடக்கம். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். 1995 ஒக்டோபரில் ஊரோடு சேர்ந்து பீடமும் வைத்தியசாலையும் இடம்பெயர்ந்தன. இவ்வளவுக்கும் நடுவில் பரீட்சை நடந்தது, பிந்தி நடந்தது, மாணவர்கள் வைத்தியர்களாக வெளியே வந்தார்கள். 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று தறப்பாளுக்குக் கீழே ஒரு சில அரச வைத்தியர்கள் நின்றதை இந்தத் தளத்தின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்ததும் அவர்களைத் தடுத்துவைத்தார்கள், ஓகஸ்ட் மாதத்தில்தான் விட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் யாழ் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகவும் இருந்தார்.

அப்போது போகாமல் நின்றவர்கள் இருந்தார்கள். இப்போது, குண்டு விழாத காலத்தில், ஏன் நிற்கிறார்கள் இல்லை?

“காசுக்கு ஆசைப்பட்டு ஓடுகிறார்கள்” என்பது பேஸ்புக் பதில். 2022இல் ரூபாய் விழுந்து, சம்பளம் பாதிப் பெறுமதி ஆகி, வரி ஏறி, வார்டில் கையுறையும் மருந்தும் இல்லாமல் போனபோது ஒரு முப்பது வயது வைத்தியரிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அரசாங்கமே அந்த வருடம் அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. டொலர் அனுப்புவார்கள் என்ற நம்பிக்கை. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் போய்விட்டார்கள்.

ஆனால் அந்த இழப்பு எல்லா இடத்துக்கும் ஒரேமாதிரி விழவில்லை. விழும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உள்ளகப் பயிற்சி முடித்த வைத்தியர்கள் தகுதி வரிசையில்தான் இடம் தெரிவு செய்கிறார்கள். மேலே நிற்பவர் நகரத்தை எடுப்பார். கீழே வரவர மிஞ்சுவது தூர இடம். பட்டியல் முடிந்தால் அந்த இடம் வெறுமை. அடுத்தது, நிபுணராக வர விரும்புபவர் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் படித்து, முடிவில் வெளிநாட்டில் பயிற்சி எடுக்க வேண்டும். பிரித்தானியாவோ அவுஸ்திரேலியாவோ அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே போனவர் திரும்பாவிட்டால் கொழும்பில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். மாவட்ட வைத்தியசாலையில் அந்தத் துறைக்கு இருந்தவர் ஒருவரே. அவர் போனால் அந்த மாவட்டத்தில் அந்த வருத்தத்துக்கு வைத்தியம் இல்லை என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான்.

அதிகாரப் பங்கீடும் இதற்குள் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பொது வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு முன்னால் சனம் திரண்டதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிரச்சினையின் நடுவில் நின்ற வைத்தியர் அதே வருடம் நவம்பரில் நாடாளுமன்றம் போய்விட்டார். அவரைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் அன்று வீதிக்கு வந்த சனம் ஒரு தனி ஆளுக்காக மட்டும் வரவில்லை. கேட்பதற்கு வேறு இடம் இல்லாததாலும் வந்தார்கள்.

வேலூருக்குத் திரும்பி வருகிறேன் என்றேன். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மொழியால் அவர்கள் யாரையும் கட்டவில்லை, படிப்பு ஆங்கிலம்தான். அவர்கள் பிடித்தது வேறு வழி. சிறிய மிஷன் வைத்தியசாலைகளின் ஆதரவோடு வரும் மாணவருக்கு இடம் கொடுப்பது, படித்து முடித்ததும் இரண்டு வருடம் அப்படியான இடமொன்றில் வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் வாங்குவது, படிக்கும்போதே கிராமத்துக்குக் கொண்டுபோய் விடுவது. இதிலும் ஓட்டைகள் உண்டு. வேலூரில் படித்துவிட்டு அமெரிக்காவில் இருப்பவர்கள் ஏராளம். ஆனாலும், கிறீன் கேட்ட கேள்வியைச் சேர்க்கும் விதியிலேயே வைத்துக் கேட்கிறார்கள். இலங்கையில் 1945இலிருந்து இலவசக் கல்வி. சனத்தின் காசில் படித்த வைத்தியர் எங்கே எவ்வளவு காலம் வேலை செய்யவேண்டும் என்ற பேச்சை எடுத்தால், ஒரு பக்கம் தொழிற்சங்கம் எழும்பும், மறுபக்கம் அமைச்சு நழுவும். கட்டாயம் மட்டும் போதாது என்று வைத்தியர்கள் சொல்வது சரி. முல்லைத்தீவுக்கு வா என்றால் அங்கே இருக்க வீடு வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மேற்படிப்புக்கு அந்தச் சேவை புள்ளியாக எண்ணப்பட வேண்டும். அதில் எதையும் இதுவரை ஒழுங்காகச் செய்து பார்க்கவில்லை.

இனி மொழி. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய டிஸ்பென்சரி. சுவரோரம் வாங்கு, தமிழும் சிங்களமும் கலந்து பேசும் ஒரு வயதான டொக்டர். பெரியம்மாவை முதலில் அங்கேதான் கூட்டிப்போனேன், ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லட்டும் என்று. கொழும்பில் படித்த தமிழ் மாணவர் எல்லோரும் வார்டில் நின்றே சிங்களம் பழகிவிடுவார்கள், இல்லாவிட்டால் நோயாளியிடம் கதை கேட்க முடியாது, பரீட்சையும் பாஸ் பண்ண முடியாது என்று அவர் விளக்கினார். யாழ்ப்பாண பீடத்துக்கு வரும் சிங்கள மாணவர்களும் அதே காரணத்தால் தமிழ் பழகுகிறார்கள். அவர்களில் சிலர் எங்களை விடத் திருத்தமாகப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் தெற்கில் படித்துத் தெற்கில் வேலை செய்யும் ஒருவருக்குத் தமிழ் பழக எந்தக் கட்டாயமும் இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. அறிவிப்புப் பலகையில் அது இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை. எம்பிபிஎஸ்ஸைத் தமிழில் நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை, அந்தக் காலம் போய்விட்டது, மாணவரே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நாட்டின் எந்த வைத்தியரும் இரண்டு மொழியிலும் நோயாளியிடம் கதை கேட்கவும் விளங்கப்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கடைசிப் பரீட்சையில் ஒரு பகுதியாக வைக்கலாம். நாடித்துடிப்புப் பார்க்கத் தெரியாமல் ஒருவரைப் பாஸ் பண்ண விடுவதில்லையே. பெரிய வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் பதவிகளை உண்டாக்கி நிரப்புவதற்குப் பெரிய காசும் தேவையில்லை.

இல்லாவிட்டால் அந்த வேலையை என்னைப்போல ஒருவர்தான் செய்வார். பயத்தோடு, பாசத்தோடு, பிழையாக.

அன்று இரவு சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, விட்ட சொல்லைச் சொன்னேன். சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள், புற்றாக இருக்குமோ என்று பார்க்க என்று. பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “அதுக்குத்தான் அவர் உன்னைப் பாத்துக் கதைச்சவர் எண்டு நினைச்சன்” என்றார். கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தநாள் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மிச்ச வைத்தியத்தைத் தெல்லிப்பழைக்கு மாற்றிக் கடிதம் வாங்க ஏலுமோ என்று. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தவர்களால் எழும்பியது. நடந்தவர்களில் சிங்களவரும் தமிழரும் இருந்தார்கள். தருமபுரத்திலிருந்து அதுவும் கிட்ட இல்லை, இரண்டு பஸ் மாற வேண்டும்.

“தூரம் பெரியம்மா” என்றேன்.

“தூரம்தான். அங்கையெண்டா நானே கேட்டுக்கொள்ளுவன்.”

சோதனை முடிவு வர மூன்று கிழமை என்றிருக்கிறார்கள். கடிதத்துக்கு வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே போய் நம்பர் எடுக்கவேண்டும்.